சிறைவாசல் திறந்தபின்னும் முடியாத தண்டனை: தியாகி சுப்பிரமணிய சிவா



நீதிமன்றம் ஒருவருக்கு விதிக்கும் தண்டனைக்குத் தொடக்க நாளும் உண்டு, முடிவு நாளும் உண்டு. சிறை அலுவலகப் பதிவேட்டில் இரண்டையும் எழுதி வைக்கிறார்கள். ஆனால், அந்த ஆண்டுகள் அவருடைய உடலிலும், அவருடைய குடும்பத்திலும், அவர் வாழ்ந்த ஊரிலும் என்ன செய்தன என்பதை அந்தப் பதிவேடு சொல்வதில்லை. அதைக் கணக்கெடுப்பதற்கென்றே இன்று ஓர் ஆய்வுத்துறை வளர்ந்துள்ளது. சிறைவாசம் மனிதரின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது, காவல்துறையின் கெடுபிடி ஒரு நகரத்தின் நலவாழ்வை எப்படிக் குலைக்கிறது என்று மருத்துவர்களும் சமூகவியலாரும் சேர்ந்து ஆராய்கின்றனர். இத்துறையைச் சமூக நோய்ப்பரவலியல் என்று அழைக்கின்றனர்.

அப்படியொரு துறை உருவாவதற்கு முன்பே, அது சொல்லும் பாடத்தைத் தம் உடலிலேயே சுமந்து நடந்த ஒருவர், நம் தாமிரபரணிக் கரையில் கைதானார். அவர்தான் தியாகி சுப்பிரமணிய சிவா. அவருடைய வீரத்தைப் பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். அவருடைய நோயைப் பற்றிப் பாடநூல் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. அந்த ஓரிரு வரிகளைச் சற்று விரித்துப் பார்ப்பதே இன்றைய நம் சிந்தனை.

வத்தலக்குண்டிலிருந்து தூத்துக்குடிக்கு

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டில், 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சிவா பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் ஊர் ஊராக அலைந்த இளமை. திருவனந்தபுரத்தில் இருந்தபோது இளைஞர்களைக் கூட்டி நாட்டு விடுதலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்தவர், 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 23.

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். இருவரும் இணைந்தனர். கடற்கரைக் கூட்டங்களில் சிவாவின் பேச்சைக் கேட்க மக்கள் திரண்டனர். அந்நாளில் அங்கிருந்த கோரல் நூற்பாலையில் கூலி குறைவு, வேலை நேரமோ நீளம், வார விடுமுறை கிடையாது, சிறுவர்களும் வேலை செய்தனர். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில் கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இதை நாம் பெரும்பாலும் அரசியல் வெற்றியாகவே பார்க்கிறோம். உழைப்பவரின் உடலுக்குக் கிடைத்த வெற்றியும் அதுதான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

ஆற்றங்கரையில் கைது

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் 1908 மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையானார். அந்த நாளை ஊர்வலம் நடத்திக் கொண்டாட வ.உ.சி.யும் சிவாவும் விரும்பினர். அதிகாரிகள் தடுத்தனர். தடையை மீறித் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் கூட்டம் நடந்தது. மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி கலெக்டர் விஞ்ச் சொன்னபோது அவர்கள் மறுத்தனர். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் கைது செய்யப்பட்டு, ஆற்றுக்கு மறுகரையில் உள்ள பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்களும் தொழிலாளரும் தெருவில் இறங்கினர். நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. காவலர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியிலும் கடைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை.

அதன்பின் அரசு எடுத்த ஒரு நடவடிக்கையை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கூடுதல் காவல்படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கான செலவை ஊர் மக்களே வரியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். கல் எறிந்தவரும் கட்ட வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவரும் கட்ட வேண்டும். அதாவது, நீதிமன்றம் யாரையும் விசாரிக்காமலே ஓர் ஊர் முழுவதும் தண்டிக்கப்பட்டது. காவல் என்பது காப்பதற்காக என்னும் எண்ணம் ஒருமுறை உடைந்துவிட்டால், அதை ஒட்டவைக்க எத்தனை தலைமுறைகள் வேண்டும் என்று நாம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

சிறைக்குள் போன உடல்

1908 ஜூலை 7 அன்று செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. சிவாவுக்கு 10 ஆண்டுத் தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. வ.உ.சி. கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் வாடினார். கோவையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. சிவா திருச்சி, சேலம் சிறைகளில் கடும் வேலை செய்தார்.

அந்நாளைய சிறைகள் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின்படி நடந்தன. வேலை செய்யும் கைதியின் எடையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அவருடைய சீட்டில் குறிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லியிருந்தது. கைதியின் உடலைச் சிறை கவனிக்காமல் இல்லை. அளந்தது, எடை போட்டது, கணக்கு எழுதியது. ஆனால் அந்தக் கணக்கு, இந்த ஆள் இன்னும் வேலை செய்யத் தாங்குவாரா என்று பார்ப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. அளப்பது வேறு, அக்கறை வேறு.

சிறை நோய்களின் கூடாரமாக இருக்கிறது என்பது அப்போதே உலகம் அறிந்த செய்திதான். இங்கிலாந்தில் ஜான் ஹோவர்டு என்பவர் 1773இல் பெட்ஃபோர்டுஷயரின் ஷெரீஃபாகப் பொறுப்பேற்றபின், ஊர் ஊராகச் சென்று சிறைகளுக்குள் நுழைந்து பார்த்தார். காற்றும் தண்ணீரும் இல்லாத அறைகளில் சிறைக்காய்ச்சல் பரவி, தூக்கில் மடிந்தவர்களைவிடக் காய்ச்சலில் மடிந்தவர்களே அதிகம் என்று கண்டார். 1777இல் சிறைகளின் நிலையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். இறுதியில், 1790இல், இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கெர்சோன் நகரில் காய்ச்சலால் இறந்தார். அவர் எழுதிய உண்மை தெரிந்த பேரரசுதான், ஒரு நூற்றாண்டு கழித்துச் சிவாவைச் சிறையில் அடைத்தது.

1912 நவம்பர் 2 அன்று சேலம் சிறையிலிருந்து சிவா விடுதலையானார். உள்ளே போகும்போது இருபத்து மூன்று வயது இளைஞர். வெளியே வந்தபோது வயது 28. உடலில் தொழுநோய்.

நோய் எங்கிருந்து வந்தது?

சிறையில்தான் அவருக்குத் தொழுநோய் தொற்றியது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கின்றனர். சிறையில் கொடுக்கப்பட்ட வேலையே காரணம் என்று சொல்வோரும் உண்டு. இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். கிருமி உடலுக்குள் நுழைந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகலாம். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. எனவே எந்த நாளில், எந்த அறையில், யாரிடமிருந்து கிருமி சிவாவிடம் வந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கடும் வேலை மட்டுமே தொழுநோயை உண்டாக்குவதும் இல்லை.

அப்படியானால் சிறைக்கு இதில் பங்கில்லையா? உண்டு. நெருக்கடியான அறை, சத்தில்லாத உணவு, ஓய்வில்லாத உழைப்பு, தாமதமான மருத்துவம் ஆகியவை எந்த நோய்க்கும் பாதை போட்டுக் கொடுக்கின்றன. ஒருவரைச் சிறையில் அடைக்கும் அரசு அவருடைய உடலுக்குப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அவர் தாமாகவே மருத்துவரைத் தேடிப் போக முடியாது, உணவை மாற்றிக்கொள்ள முடியாது, பக்கத்தில் படுப்பவர் யார் என்று தீர்மானிக்கவும் முடியாது. சிறைக்கதவைப் பூட்டியவரிடமே அவருடைய நலத்துக்கான சாவியும் இருக்கிறது. நோய் எங்கிருந்து வந்திருந்தாலும், அந்தச் சாவியை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி மாறுவதில்லை.

இரண்டாவது சிறை

விடுதலையான சிவா சோர்ந்து உட்காரவில்லை. சென்னையில் தங்கி, 1913இல் ஞானபாநு என்னும் மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அதில் எழுதினார். பின்னர் பிரபஞ்சமித்திரன் என்னும் இதழையும் நடத்தினார். நூல்கள் எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். 1922 வரை சிறைவாசமும் அவரை விட்டு விலகவில்லை.

நோய் முற்றியது. அப்போதுதான் அவர் மீது மற்றொரு தண்டனை விழுந்தது. தொழுநோயாளி என்பதால் அவர் இரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டார். தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்கும் அதிகாரத்தை 1890ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் இரயில் நிர்வாகத்துக்குக் கொடுத்திருந்தது. நாட்டுக்காகப் பேச ஊர் ஊராகப் போகவேண்டிய மனிதர் அவர். ஆகவே நடந்தார். உடல் முழுவதும் புண்ணோடு, வெயிலிலும் மழையிலும், கட்டைவண்டி கிடைத்தால் வண்டியிலும், கிடைக்காவிட்டால் கால்நடையாகவும் ஊர்களைக் கடந்தார். போன இடங்களில் கூட்டம் போட்டுப் பேசினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் கையிலும் காலிலும் உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணராத காயம் ஆறாமல் போவதால்தான் அவை அழிகின்றன என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் பின்னாளில் எடுத்துக்காட்டினார். உணர்ச்சியற்ற கால்களுக்கு மிருதுவான தனிச் செருப்பு வேண்டும், நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்று மருத்துவர்கள் இன்று அறிவுறுத்துகின்றனர்.

எந்த நோயாளி நடக்கவே கூடாதோ, அந்த நோயாளியைச் சட்டம் நடக்க வைத்தது. சிவாவின் துன்பத்துக்குக் கிருமி மட்டுமே காரணமன்று, கிருமியைக் கண்டு மனிதர் கொண்ட அச்சமும் காரணம். முதல் சிறையைக் கட்டியது அந்நிய அரசு. இரண்டாவது சிறையைக் கட்டியதில் சமூகம் முழுவதுக்கும் பங்கு உண்டு. தொழுநோயாளர்களைக் காவலர் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் சட்டப்பிரிவுகள் 2019இல்தான் நீங்கின. சிவா இறந்து 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சம் சட்டப் புத்தகத்தில் குடியிருந்தது.

பாப்பாரப்பட்டியில் முடிந்த பயணம்

தம் இறுதி ஆண்டுகளில் சிவா இன்றைய தருமபுரி மாவட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டியைத் தம் இடமாக்கிக்கொண்டார். அங்கே பாரத ஆசிரமம் அமைத்தார். சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரும் வந்து வழிபடக்கூடிய பாரத மாதா ஆலயம் ஒன்றை எழுப்ப ஆசைப்பட்டார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயத்துக்கு நிதி திரட்டவும் சிவா நடந்தார். அது எழும்புவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1925 ஜூலை 23 அன்று, 41 வயது நிறையும் முன்பே, பாப்பாரப்பட்டியில் அவருடைய உயிர் பிரிந்தது. இன்று அங்கே அவருக்கு நினைவிடம் உள்ளது.

அந்நாளில் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயைத் தவிரச் சொல்லத்தக்க மருந்து இல்லை. 1940களில் டாப்சோன் மருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இன்று 6 மாதம் முதல் 12 மாதம் வரை மாத்திரை உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து இலவசம். மருந்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. ஆயினும், உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் உள்ளனர். மருந்து வந்துவிட்டது. மறைத்துவைக்கச் செய்யும் அச்சம் இன்னும் போகவில்லை.

நம் ஆறு சொல்லும் செய்தி

சிவா இறந்த அதே ஜூலை 23ஆம் நாள் தாமிரபரணிக்கு மற்றொரு துயர நாளாகவும் ஆனது. 1999ஆம் ஆண்டு அந்த நாளில், கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரி மக்கள் திருநெல்வேலியில் ஊர்வலமாக வந்தனர். கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே காவலர் தடியடி நடத்தினர். தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். 1908இல் கூலித் தொழிலாளருக்காகப் பேசியவர்கள் கைதானதும் இந்த ஆற்றுப் பக்கம்தான். 91 ஆண்டுகளில் ஆட்சி மாறியது, கொடி மாறியது. ஏழைத் தொழிலாளி உரிமை கேட்கும்போது அவருடைய உடல் விலை கொடுக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

இன்றைய சிறைகளின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு இறுதியில், 100 பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர் நம் நாட்டுச் சிறைகளில் இருந்ததாக அரசின் புள்ளிவிவரம் சொல்கிறது. அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். காசநோய் சிறைகளில் வெளியே உள்ளதைப் போலப் பல மடங்கு காணப்படுகிறது என்று உலக ஆய்வுகள் காட்டுகின்றன. காசநோய்க் கிருமிக்குச் சிறை மதில் ஒரு தடையே அல்ல. கைதியோடும் காவலரோடும் பார்வையாளரோடும் அது வெளியே வருகிறது. உள்ளே இருப்பவரின் நலமும் வெளியே இருப்பவரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதையே சமூக நோய்ப்பரவலியல் எண்களால் சொல்கிறது. சிவா தம் கால்களால் சொன்னார்.

அன்புமிக்கவர்களே, சிறையில் இருப்போரைத் தேடிப் போவதும், நோயுற்றோரைக் கவனிப்பதும் தனித்தனிக் கடமைகள் என்று நாம் நினைத்திருக்கலாம். சிவாவின் வாழ்வில் இரண்டும் ஒரே மனிதரில் சேர்ந்து நின்றன. நம் பங்கில் சிறைக்குச் சென்றுவந்த ஒருவர் இருக்கலாம். அவருக்கு வேலை கொடுக்கத் தயங்குகிறோமா? அவருடைய பிள்ளையோடு நம் பிள்ளை பழகுவதை விரும்பாதிருக்கிறோமா? தொழுநோயிலிருந்து குணமான ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தால் சற்றே நகர்ந்து உட்காருகிறோமா? அப்படியானால், சிவாவுக்கு இரயிலில் இடம் மறுத்த அந்தச் சட்டம் நீங்கிவிட்டதாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

பாளையங்கோட்டைச் சிறை மதிலை ஒட்டிய சாலையில் நாள்தோறும் பேருந்துகள் ஓடுகின்றன. அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்காவது நம்மால் செய்யக்கூடியது என்ன என்று எண்ணிப் பார்ப்போம். அவருடைய தாயை ஒரு முறை பார்த்துவரலாம். அவருடைய பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். பிணை எடுக்க ஆளில்லாதவருக்கு இலவச சட்ட உதவி மையத்துக்கு வழிகாட்டலாம். விடுதலையாகி வரும் நாளில் வாசலில் ஒருவர் காத்திருக்கலாம். நீதிமன்றம் முடித்துவைத்த தண்டனையை நாம் நீட்டிக்காமல் இருப்போம்.